பாளையங்கோட்டைக்கு இரண்டு டிக்கெட்

மார்ச் 3, திங்கள்

வீட்டுக்காரரின் மகன் காலையில் நேரிலேயே வந்துவிட்டான். பெரியவர் இருந்தவரை வாடகை என்று பேருக்கு ஏதோ வாங்கிக்கொண்டிருந்தார். போன வருடம் அவர் காலமானார். இனி வாடகை இரண்டரை மடங்காம். முடியாதென்றால் மே பதினைந்துக்குள் காலி செய்ய வேண்டுமாம். இந்த மாதக் கடைசியில் நான் ஓய்வு பெறுகிறேன் என்று சொன்னேன். "காங்கிராட்ஸ் ஆண்ட்டி" என்றான்.

செம்பூரில், இந்த மூன்றாம் மாடியில், நாற்பத்தேழு வருடம். ஆஸ்பத்திரியின் பதிவேட்டுப் பிரிவில் முப்பத்து நாலு வருடம். வரப்போகிற பென்ஷனில் மும்பையில் ஒரு குளியலறைகூட வாடகைக்குக் கிடைக்காது. பஸ்ஸில் போகும்போதே முடிவு செய்துவிட்டேன். அப்பாவின் ஊருக்குப் போய்விடலாம். பாளையங்கோட்டையில் என் ஓய்வூதியத்துக்கு ஒரு முழு வீடு கிடைக்கும் என்று சித்தப்பா மகன் நெல்லையப்பன் எப்போதும் சொல்வான். நான் அங்கே மொத்தம் மூன்று தடவைதான் போயிருக்கிறேன். அதனால் என்ன, பழகிக்கொள்ளலாம்.

சாப்பிடும்போது நாயகத்திடம் சொன்னேன்.

"ரயில்லயா யக்கா?"

"ஆமா."

"சன்னல் சீட்டா?"

"ஆமா."

பிறகு ரசம் கேட்டான். அவனுக்குச் சம்மதம்.

மார்ச் 5, புதன்

தாதரிலிருந்து திருநெல்வேலிக்கு இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டேன். ஏப்ரல் 20. நாயகத்துக்கு மாற்றுத்திறனாளி சலுகை உண்டு, துணைக்குப் போகிற எனக்கும் உண்டு. படிவத்தில் 'துணைக்கு வருபவர்' என்ற இடத்தில் என் பெயர்: சண்முகவடிவு, 58.

மார்ச் 9, ஞாயிறு

கொண்டுபோக வேண்டியவை: கிரைண்டர், அம்மாவின் பித்தளைக் குத்துவிளக்கு, இரண்டு கட்டில், ஃபிரிஜ் (யோசிக்க வேண்டும்). விற்க வேண்டியவை: ஸ்டீல் பீரோ, அப்பாவின் மேஜை. நாயகத்தின் சாமான் ஒரு பெட்டிதான். சட்டை ஒன்பது, பேண்ட் ஐந்து, ஸ்வெட்டர் ஒன்று. ஸ்வெட்டர் அங்கே தேவைப்படாது.

பக்கத்து வீட்டு மராத்தி அம்மா ஷிண்டே பாய் எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பிக்காக நீ எவ்வளவு செய்கிறாய்" என்றாள். அவள் எப்போதும் சொல்வதுதான். அவன் பிறக்கும்போதே மூளை வளர்ச்சி குறைவு. உடம்புக்கு எத்தனை வயதானாலும் புத்திக்குப் பத்து வயதைத் தாண்டாது என்று டாக்டர் சொன்னார். இப்போது நாற்பத்தாறு. அம்மா போன இந்தப் பதினெட்டு வருடமும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். காலையில் சமைத்து வைத்துவிட்டு வேலைக்குப் போவேன். சாவி அவன் கழுத்தில் தொங்கும். ஸ்டேஷன் பக்கம் போய் ரயில் பார்ப்பான், பிள்ளையார் கோயில் வாசலில் உட்கார்ந்திருப்பான், இரவு எட்டு மணிக்கு வந்துவிடுவான். யாருக்கும் தொந்தரவு கிடையாது.

1991-இல் எனக்கு ஒரு வரன் வந்தது. பார்வதிநாதன் என்று பெயர், ரயில்வேயில் வேலை. நாயகத்துக்காக வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தம்பியும் எங்களோடு இருக்கட்டும் என்று அவர் சொல்லி அனுப்பினார். அதெல்லாம் பழைய கதை. இங்கே எழுத வேண்டிய அவசியமில்லை.

மார்ச் 12, புதன்

வீடு கிடைத்துவிட்டது! நெல்லையப்பன் போனில் சொன்னான்.

"யக்கா, சமாதானபுரத்துல. கீழ்வீடு. போர் தண்ணி. பொறத்தால ரெண்டு முருங்க நிக்கி. வாடகையக் கேட்டா நீங்க நம்ப மாட்டீய."

கேட்டேன். நம்ப முடியவில்லை. இங்கே அந்தப் பணத்துக்கு ஸ்கூட்டர் நிறுத்த இடம் கிடைக்காது.

"வீட்டுக்காரம்மா ஒண்ணு மட்டும் கேட்டாவ. நாயகம் சத்தம் கித்தம் போடுவானான்னு. வயசுப் பிள்ளையள் இருக்க தெருல்லா…"

"அவன் வாசப்படியத் தாண்ட மாட்டான்னு சொல்லிரு" என்றேன்.

இதை எழுதும்போது அவன் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருக்கிறான். தட்டை முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில் வைக்காதே என்று நூறு தடவை சொல்லியாயிற்று.

மார்ச் 15, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் ஜெராக்ஸ் மெஷின் பழுது. நாயகத்தின் சான்றிதழ்களுக்கு நகல் வேண்டும். எனக்கு அரை நாள் வேலைதான். பஸ்ஸை விட்டு இறங்கி, நான் எப்போதும் போகாத ஸ்டேஷன் பக்கம் நடந்தேன். வாசலை ஒட்டி மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கிய பெட்டிக்கடைகள் இருக்கின்றன. நீல நிறக் கடை ஒன்றில் 'ஜெராக்ஸ், ரீசார்ஜ்' என்று போட்டிருந்தது. எனக்கு முன்னால் நாலு பேர். ஸ்டூலில் ஒரு பெண் உட்கார்ந்து போன்களை வாங்கித் தட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஊன்றுகோல் சாத்தியிருந்தது. உள்ளே மெஷின் முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு ஓர் ஆள்.

என் முறை வந்தது. தாளை நீட்டினேன். அந்த ஆள் திரும்பி வாங்கினார். பழுப்பு ஃபிரேம் போட்ட கண்ணாடி, காதுக்குப் பின்னால் பேனா. நாகரிகமான மனிதர் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அது நாயகம்.

என் தம்பியை அடையாளம் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு நிமிடம் ஆயிற்று. அவன் என்னைப் பார்த்தான், தாளைப் பார்த்தான். அது அவனுடைய சான்றிதழ்தான், மேலே அவன் போட்டோ ஒட்டியது.

"ரெண்டு பக்கமுமா யக்கா?" என்று கேட்டான்.

"ஆமா" என்றேன். வேறு என்ன சொல்வது?

மெஷினின் மூடியைத் தூக்கினான். தாளை ஓரத்தோடு ஓரம் ஒட்டி வைத்தான். பித்தானை அழுத்தினான். வெளிச்சம் அவன் கண்ணாடியில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போயிற்று. திருப்பிப் போட்டு இன்னொரு தடவை. நகலை என் கையில் கொடுத்துவிட்டு, எனக்குப் பின்னால் நின்றவரிடம் இந்தியில் "எத்தனை காப்பி?" என்று கேட்டான். ஸ்டூலில் இருந்த பெண், "காசு வேண்டாம்க்கா" என்றாள், தமிழில். நான் யாரென்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்தான். முகத்தில் கண்ணாடி இல்லை.

"கண்ணாடி எங்க?"

"கடையில."

"யாரு வாங்கித் தந்தா?"

"ஸ்டெல்லா. கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போச்சு. இது ரெண்டாவது கண்ணாடி. மொதக் கண்ணாடியில எழுத்து சின்னதாப் போச்சு."

"வீட்டுக்கு ஏன் கொண்டாறல?"

"நீ அடிப்ப."

நான் அவனை அடிப்பதில்லை. ஒரே ஒரு தடவைதான் அடித்தேன். அப்பா இறந்த வருடம். அப்பாவின் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்பாவின் பொருளை வைத்து விளையாடுகிறான் என்று முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். விளையாட்டுதான் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் கண் பிரிவு எனக்கு அடுத்த அறை. முப்பத்து நாலு வருடமும் அடுத்த அறை.

மார்ச் 16, ஞாயிறு

ஷிண்டே பாயிடம் கேட்டேன். அவளுக்கு ஆச்சரியமே நான் கேட்டதில்தான். "உனக்குத் தெரியாதா? எட்டு வருடமாக அங்கேதானே இருக்கிறான். என் போனுக்கு அவன்தானே ரீசார்ஜ் பண்ணிக் கொடுக்கிறான். நீதான் சேர்த்துவிட்டாய் என்று நினைத்தோம்" என்றாள். நினைத்தோம் என்றாள். கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். இஸ்திரிக்காரனுக்குத் தெரியும். வாட்ச்மேனுக்குத் தெரியும்.

அவன் பொய் சொல்லவில்லை. எங்கே போனாய் என்று கேட்கும்போதெல்லாம் ஸ்டேஷனுக்கு என்றுதான் சொல்லியிருக்கிறான்.

மார்ச் 17, திங்கள்

இனிமேல் அந்தக் கடைக்குப் போகக் கூடாது என்று சொன்னேன். ஏன் என்றான். நாம் ஊருக்குப் போகிறோம், பழக்கத்தை இப்போதே விட வேண்டும் என்றேன். தலையாட்டினான். ஆனாலும் சட்டை மாற்றிக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றான்.

அவனை உள்ளே வைத்து வெளிப்பக்கம் பூட்டுப் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். அவனுடைய பாதுகாப்புக்காகத்தான்.

மார்ச் 18, செவ்வாய்

இன்றும் பூட்டினேன். அட்டைப் பெட்டி இருபது வந்தது.

மார்ச் 19, புதன்

வேலை முடிந்து ஆறரைக்கு வந்தேன். இரண்டாம் மாடி திரும்பும்போதே பேச்சுக் குரல் கேட்டது. எங்கள் வீட்டுப் பூட்டின கதவுக்கு முன்னால், தரையில், காலை நீட்டிக்கொண்டு அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். கதவிடம் பேசிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து நாயகம் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். மெஷினில் மை தீர்ந்தது பற்றி ஏதோ. என்னைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

"நான் ஸ்டெல்லா, அக்கா. ஸ்டேஷன் கடை. எந்திரிக்கக் கொஞ்சம் நேரமாகும், தப்பா நினைக்காதீங்க."

இளம்பிள்ளை வாதம் வந்த கால். லிஃப்ட் இல்லாத கட்டடம். மூன்று மாடி எப்படி ஏறினாள் என்று நான் கேட்கவில்லை. நாற்பது நாற்பத்திரண்டு வயது இருக்கும். கழுத்தில் சின்ன சிலுவை.

"என்ன வேணும்?"

"அவரு மத்தியானம் சாப்பிடலயாம்."

யாரைச் சொல்கிறாள் என்று எனக்கு உண்மையிலேயே புரியவில்லை.

"எவரு?"

"நாயகம்தான்க்கா."

இந்த நாற்பத்தாறு வருடத்தில் என் தம்பியை யாரும் 'அவர்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. அப்பா சொன்னதில்லை. டாக்டர்கள் சொன்னதில்லை. எனக்குக் கோபம் வந்தது.

"அவனுக்கு ஒண்ணும் தெரியாதும்மா. நீ ஏதோ சொல்லி அவன் மனசக் கலைச்சு வச்சிருக்க. கடைக்குச் சம்பளமில்லாத ஆள் வேணும்னா வேற எடம் பாரு."

"சம்பளம் அவரு பேருல தபாலாபீஸ்ல போட்டிருக்கேன்க்கா. புஸ்தகம் இந்தா இருக்கு." பையிலிருந்து எடுத்து நீட்டினாள். நான் வாங்கவில்லை. "நான் அவரக் கூட்டிட்டுப் போக வரல. ஊருக்குப் போறீங்கன்னு சொன்னாரு. அவர்ட்ட கேட்டீங்களான்னு தெரிஞ்சிக்கிடத்தான் வந்தேன்."

"என்ன கேக்கணும்?"

"வாரியான்னு."

"கேட்டாச்சு. சன்னல் சீட்டுன்னான்."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. சுவரைப் பிடித்து, ஊன்றுகோலை ஊன்றி, மெதுவாக எழுந்தாள். எழுந்ததும் என்னைவிட உயரமாக இருந்தாள்.

"எங்கம்மா இறந்ததுல இருந்து ரெண்டு வருசமா நான் கேட்டுட்டுத்தான் இருக்கேன்க்கா. கல்யாணம் கட்டிக்கிடுவமான்னு. அவருதான் மாட்டேங்காரு."

"ஏன்?" என்று கேட்டது என் குரல்தானா என்று தெரியவில்லை.

"அக்காவுக்கு ஆள் இல்லைங்காரு."

பூட்டைத் திறக்கச் சாவி எடுத்தேன். சாவி துவாரத்தில் நுழையவே இல்லை. அவள்தான் என் கையிலிருந்து வாங்கித் திறந்தாள்.

மார்ச் 20

பூட்டவில்லை. அவன் கடைக்குப் போனான். நான் உடம்பு சரியில்லை என்று லீவு போட்டேன்.

மார்ச் 23, ஞாயிறு

நெல்லையப்பனுக்கு அட்வான்ஸ் விஷயமாகப் போன் செய்தேன். வாய் தவறி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவன் சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு, "கிறுக்குப் பயலுக்குக் கல்யாணமா? அதுவும் சர்ச்சுக்குப் போற வேதக்காரப் பிள்ளய? யக்கா, நீங்க பேசாம ரயில் ஏத்திக் கூட்டியாங்க. இங்கன வந்தா நாலு நாள்ல மறந்துருவான்" என்றான்.

நானும் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் 'கிறுக்குப் பயல்' என்று அவன் வாயிலிருந்து கேட்க என்னால் முடியவில்லை. போனை வைத்துவிட்டேன்.

ஃபிரிஜ் விற்றாயிற்று.

மார்ச் 31, திங்கள்

ஓய்வு. மாலை போட்டார்கள். ஒரு வெள்ளி முலாம் பூசிய பிள்ளையார் கொடுத்தார்கள். "தம்பிக்காகவே வாழ்ந்தவர்" என்று சூப்பிரண்டெண்ட் பேசினார். கை தட்டினார்கள். கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

ஏப்ரல் 2, புதன்

இன்று கேட்டேன். இதைக் கேட்கப் பதினான்கு நாள் ஆயிற்று.

காலைச் சாப்பாடு முடிந்து அவன் தட்டு கழுவிக்கொண்டிருந்தான். கண்ணாடி போட்டிருந்தான். வீட்டிலும் போட்டுக்கொள் என்று சொல்லியிருக்கிறேன்.

"நாயகம், நீ பாளையங்கோட்டைக்கு வாரியா? இல்ல இங்கன இருக்கியா? உனக்கு எது வேணும்?"

குழாயை மூடினான். கையைத் துடைத்தான். ஈரம் போகும்வரை ஒவ்வொரு விரலாகத் துடைத்தான்.

"நீ தனியா இருப்பியா?"

"இருப்பேன்."

"சிலிண்டர் யாரு மாத்துவா?"

"நான் மாத்திக்கிடுதேன்."

"உனக்குத் தெரியாது." உண்மைதான். இந்தப் பதினெட்டு வருடத்தில் ஒரு தடவைகூட நான் மாற்றியதில்லை. "கரப்பான் வந்தா?"

"அடிச்சிக்கிடுதேன்."

"நீ கட்டில் மேல ஏறி நிப்ப." அவனுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் வந்தது. பிறகு அவன் முகம் மாறிவிட்டது. "வேண்டாம் யக்கா. நான் உன் கூடவே வாரேன். அம்மாட்ட சொல்லிட்டேன்."

"அம்மாட்ட என்னல சொன்ன?"

"ஆஸ்பத்திரியில. நீ மருந்து வாங்கப் போனேல்லா. அப்ப அம்மா சொன்னா. அக்காவுக்கு யாரும் கெடையாது நாயகம், அவ வாய்தான் பெருசு, ரொம்பப் பயந்தவ, நீ விட்டுட்டுப் போயிராதன்னு. சரின்னேன்."

அன்றைக்கு நான் மருந்தோடு திரும்பி வந்ததும், அம்மா அவனைத் தண்ணீர் பிடித்துவர அனுப்பினாள். என்னிடம், "அவன விட்டுராத வடிவு" என்றாள். அதைத்தான் பதினெட்டு வருடமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வருகிறேன். ஆபீஸில், கட்டடத்தில், இந்த நோட்டில். எனக்கு முன்னாலேயே அவனிடம் சொல்லிவிட்டுத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள்.

பார்வதிநாதன் 'தம்பியும் இருக்கட்டும்' என்று சொன்னபோது எனக்கு நெஞ்சு படபடத்தது நினைவிருக்கிறது. அது சந்தோஷம் இல்லை. வேண்டாம் என்று சொல்ல வேறு காரணம் கிடைக்காதே என்ற பயம்.

"அம்மாட்ட நான் பேசிக்கிடுதேன்" என்றேன். "உனக்கு ஸ்டெல்லாகூட இருக்கணுமா?"

"ஆமா" என்றான். யோசிக்கவே இல்லை.

ஏப்ரல் 7, திங்கள்

பதிவுத் திருமணத்துக்கு, சம்மதம் தெரிவிக்கும் நிலையில் இருக்கிறான் என்று டாக்டர் சான்றிதழ் வேண்டுமாம். அரசு ஆஸ்பத்திரியில் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். இளம் டாக்டர், பெண். இந்தியில்தான் கேட்டாள். அவன் இந்தி என் இந்தியைவிடச் சுத்தமாக இருக்கிறது.

இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறோம், வீட்டு விலாசம் என்ன. எல்லாம் சொன்னான். பிறகு, "எதற்காகக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும்?" என்று கேட்டாள்.

ரொம்ப நேரம் யோசித்தான். முடிந்தது என்று நினைத்தேன். ஸ்டெல்லா கைகளைக் கோத்து மடியில் வைத்திருந்தாள்.

"சாயங்காலம் ஷட்டரை இறக்கினதும் அவள் அவள் வீட்டுக்குப் போய்விடுகிறாள், நான் எங்கள் வீட்டுக்குப் போய்விடுகிறேன். கல்யாணம் ஆனால் ஷட்டரை இறக்கின பிறகும் பேசிக்கொண்டிருக்கலாம்" என்றான்.

டாக்டர் எழுதுவதை நிறுத்தி அவனைப் பார்த்தாள். "அவளுக்கு உடம்பு சரியில்லாமல் போனால்?"

"ரிக்‌ஷா கூப்பிடுவேன். போன வருடம் கூப்பிட்டேன். டெங்கு. ஒன்பது நாள் நான்தான் கடையைத் திறந்தேன். சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டு போனேன்."

போன செப்டம்பர். வீட்டுக்குத் தாமதமாக வருகிறான் என்று ஒன்பது நாளும் திட்டினேன். ஊர் சுற்றுகிறாயா என்று கேட்டேன். அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கடைசியில் டாக்டர் என் பக்கம் திரும்பினாள். "சகோதரி என்ற முறையில் உங்களுக்கு ஆட்சேபம் ஏதாவது உண்டா?"

ஒரு வார்த்தை போதும். அவனுக்கு ஒன்றும் தெரியாது என்று நான் எல்லோரிடமும் சொல்கிற அதே வார்த்தை. அதைச் சொன்னால் அந்த டாக்டர் பேனாவை மூடிவிடுவாள். ஏப்ரல் இருபதாம் தேதி சன்னல் சீட்டில் அவன் என்னோடு இருப்பான். இதெல்லாம் எனக்குத் தோன்றியது. தோன்றவில்லை என்று எழுதினால் பொய்.

"இல்லை" என்றேன். அதைச் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன் என்று தெரியாது. ஸ்டெல்லா தலையைத் திருப்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஊன்றுகோல் பிடிக்கிற கை, உள்ளங்கை மரம் மாதிரி இருந்தது.

ஏப்ரல் 9, புதன்

பதிவாளர் அலுவலகத்தில் நோட்டீஸ் கொடுத்தாயிற்று. முப்பது நாள் பலகையில் ஒட்டியிருப்பார்கள். டிக்கெட் இரண்டையும் ரத்து செய்தேன். மே 14-க்கு ஒரு டிக்கெட் எடுத்தேன். இப்போது சலுகை கிடையாது. டிக்கெட் கவுண்டரில் இருந்தவர் "ஒன்றுதானா?" என்று கேட்டார். ஒன்றுதான்.

ஏப்ரல் 11

நெல்லையப்பனிடம் சொன்னேன். "ஊர்ல கேட்டா நான் என்ன சொல்ல?" என்றான். கல்யாணம் ஆகிவிட்டது என்று சொல் என்றேன். போனை வைத்துவிட்டான். வீடும் போயிற்றோ என்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

ஏப்ரல் 13

பாளையங்கோட்டை வீட்டுக்காரம்மாவின் நம்பரை எப்படியோ வாங்கி நானே பேசினேன். ஒரு ஆள்தான் என்றால் இன்னும் நல்லது என்றார். பதறிப்போய்விட்டேன். நல்லதா?

ஏப்ரல் 27, ஞாயிறு

நாயகம் எனக்கு சிலிண்டர் மாற்றக் கற்றுக் கொடுத்தான். ரெகுலேட்டரை எடுத்து மாட்டி மறுபடி எடுத்து, நாலு தடவை. "பயப்படாத யக்கா, கடிக்காது" என்றான். நாலாவது தடவை சரியாக வந்தது. அம்மாவின் குத்துவிளக்கை அவனுக்குக் கொடுத்தேன். ஸ்டெல்லா வீட்டில் மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறார்களாம். அம்மா என்ன சொல்வாளோ.

ஸ்டெல்லாவின் வீட்டைப் போய்ப் பார்த்தேன். ஒரே அறை, தரைத்தளம், சுத்தமாக இருந்தது. சுவரில் ஆணி அடித்து ஒன்பது சட்டைக்கும் ஹேங்கர் மாட்டி வைத்திருக்கிறாள். ஒன்பது என்று அவளுக்கு யார் சொன்னது?

மே 12, திங்கள்

கல்யாணம் முடிந்தது. பதினைந்து நிமிடம். சாட்சிக் கையெழுத்து நான், ஷிண்டே பாய், ஸ்டெல்லாவின் சர்ச்சிலிருந்து ஒருவர். நாயகத்தைக் கையெழுத்துப் போடச் சொன்னபோது வழக்கம்போல மைப்பெட்டியைத் தேடினேன். பாங்கில் நான் எப்போதும் அவன் கட்டைவிரலைப் பிடித்துத்தான் வைத்திருக்கிறேன். அவன் காதிலிருந்து பேனாவை எடுத்து, 'கோ. நாயகம்' என்று எழுதினான். தமிழில். நிதானமாக, கோடு தாண்டாமல்.

"யாரு சொல்லித் தந்தா?" என்று கேட்கவில்லை. இனிமேல் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை என்று வைத்திருக்கிறேன்.

ஹோட்டலில் பூரி சாப்பிட்டோம். இரண்டு மணிக்குக் கடையைத் திறக்க வேண்டும் என்று அவன் அவசரப்பட்டான். கல்யாண நாளிலுமா என்றேன். "பரீட்ச ஃபார்ம் வருது யக்கா. கூட்டமா இருக்கும்" என்றான்.

மே 14, புதன்

ரயிலில் எழுதுகிறேன். எழுத்துக் கோணுகிறது.

தாதருக்கு இருவரும் வந்தார்கள். பெட்டிகளை அவன்தான் ஏற்றினான். தண்ணீர் பாட்டில், பிஸ்கட், பழம் எல்லாம் வாங்கிக் கொடுத்தான். வண்டி புறப்படும்வரை எதிர் சீட்டில் இருந்தவரிடம், "அக்கா தனியாப் போறா, கொஞ்சம் பாத்துக்கிடுங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அவர் எனக்கு என்னவோ உடம்பு என்று நினைத்திருக்க வேண்டும், இரண்டு தடவை எழுந்து ஜன்னலைச் சாத்தட்டுமா என்று கேட்டுவிட்டார்.

வண்டி நகர்ந்தபோது நான் அழவில்லை. அவனும் அழவில்லை. ஸ்டெல்லாதான் அழுதாள். கல்யாண் ஸ்டேஷன் தாண்டும்வரை என் கை எதிர்ப்பக்கம் போய்க்கொண்டே இருந்தது, அவன் சாப்பிட்டானா, ஜன்னலில் தலையை நீட்டுகிறானா என்று பார்க்க.

மே 16, வெள்ளி

பாளையங்கோட்டை. வெயில். நெல்லையப்பன் ஸ்டேஷனுக்கு வரவில்லை, அவன் மனைவி வந்தாள். சாமான் லாரி இன்னும் வரவில்லை. வெறும் வீட்டில் பாயை விரித்து உட்கார்ந்தேன். வீட்டுக்காரம்மா பெயர் சிவகாமசுந்தரி. டம்ளரில் காப்பி கொண்டுவந்தார்.

"நீங்க மட்டுந்தானா?"

"நான் மட்டுந்தான்."

இதை வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு காப்பியைக் குடிக்க முடியவில்லை, சூடாக இருக்கிறது என்று சொல்லிக் கீழே வைத்தேன்.

மே 19, திங்கள்

லாரி வந்துவிட்டது. கிரைண்டரில் ஒரு கல் உடைந்திருக்கிறது. பாலுக்கு இன்னும் ஏற்பாடு இல்லை, மூன்று நாளாகக் கடுங்காப்பிதான்.

காலை பத்தே காலுக்கு நாயகத்துக்குப் போன் செய்தேன். பத்து மணிக்குக் கடை திறந்திருப்பார்கள் என்று கணக்குப் போட்டுத்தான் செய்தேன்.

"யக்கா! சாப்டியா?"

"சாப்டேன்ல. நீ?"

"சாப்டேன். ஸ்டெல்லா உப்புமா கிண்டுச்சு. உப்புப் பத்தல."

"ராத்திரி நல்லாத் தூங்குறியா?"

"ம். யக்கா, அங்க மழையா?"

"இல்ல, வெயிலு. நாயகம், இங்க பொறத்தால முருங்க மரம் இருக்கு. நல்லாக் காச்சிருக்கு. நான் என்ன சொல்ல வந்தேன்னா…"

நான் என்ன சொல்ல வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அங்கே ரயில் அறிவிப்பு கேட்டது. யாரோ மராத்தியில், இரண்டு பக்கமும் வேண்டும், சீக்கிரம் என்றார்கள்.

"யக்கா, ஆள் நிக்காங்க. பெறவு பேசு" என்றான். நான் சரி என்று சொல்வதற்குள் வைத்துவிட்டான்.

போனைக் காதில் வைத்தபடியே நின்றேன். நாற்பத்தாறு வருடத்தில் அவன் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. நான்தான் அவனிடம் எப்போதும் சொல்வேன். நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று பெரிதாக விழுந்த மாதிரி இருந்தது. விழுந்த சத்தம் அடங்குவதற்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, பால்காரர் எந்தத் தெரு என்று கேட்டுக்கொண்டு போனேன்.